முதல் கீற்று

சுரைக்காய்க்கென்று தனியாக ஒரு ருசி கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்தில் எது வேகிறதோ அதன் ருசியை வாங்கிக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். வேலையற்றவன் குறை சொல்லக் கிளம்பினால் சுரைக்காய்க்கு உப்பில்லை என்பானாம். அப்பேர்ப்பட்ட காயை ருசி பார்க்க ஒரு ஆளை நியமித்து, அவனுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு கத்தியும் கொடுத்து, அவன் தலையசைக்கும் வரை மூன்று கட்டடத்து ஜனமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதென்றால் நம்புவீர்களா? நின்றது. அந்த ஆள் நான்.

ஜன்னலோர நாற்காலியில் உட்காருங்கள். அதில் யாரும் உட்கார்ந்து கொஞ்ச நாளாகிறது, ஆனால் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி என்று தெரியும். கண்டக்டரம்மா அந்தக் காயை என்னிடம் காட்டாமல் தானாகவே பறித்துக்கொண்டு போய்விட்டாளா என்பதுதானே? ஆமாம் என்று சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போலீஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அவசரமில்லை. நான் எதையும் ஒரு பிடி கூட்டித்தான் சொல்வேன். எலியைப் பார்த்தால் யானை என்பேன். நீங்கள் கழித்துக்கொண்டு கேளுங்கள். ஆனால் எலி இருந்தது நிஜம்.

நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நகரத்தில் நான் மிதிக்காத வாசல் இல்லை. ராஜாக்களைவிட அதிகமான கதவுகள் எனக்காகத் திறந்திருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டிலும் மீட்டரைத் தாண்டி உள்ளே போனதில்லை. "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "மீட்டர்" என்பேன். மனுஷன் என்று சொல்லவேண்டும் என எனக்குத் தோன்றியதே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் குளிர்சாதனப்பெட்டி. அதுவும் விட்டு விட்டுத்தான் பேசும். மகன் எப்போதாவது தொலைபேசுவான். "என்னப்பா, சௌக்கியமா?" என்பான். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, வச்சிடறேன்" என்பான். அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து வளர்ந்தவன். வாசலோடு வேலையை முடித்துக்கொள்ளத் தெரியும்.

எங்கள் மூன்று கட்டடங்களுக்கும் நடுவே ஒரு பழைய சலவைக்கூடம் இருந்தது. அதை இடித்து மண்மேடாகப் போட்டுவிட்டார்கள். தரைத்தளத்து ரொட்டிக்காரர்தான் முதலில் அங்கே ஒரு தக்காளிச் செடியை நட்டவர். ஆள் பீப்பாய் மாதிரி. அவர் குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் குனிந்தார். அப்புறம் ஆளுக்கு ஒரு பாத்தி, பாத்தி கிடைக்காதவர்களுக்கு உடைந்த குளியல் தொட்டி, அதுவும் கிடைக்காதவர்களுக்கு லாரி டயர் என்று தோட்டம் பரவிவிட்டது. ரொட்டிக்காரர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. நடும்போதுதான் உன் பாத்தி, என் பாத்தி. பறித்தபின் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை நடுவிலிருக்கும் நீள மேஜைக்கு வரவேண்டும். அங்கிருந்து அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

என் பாத்தியில் முள்ளங்கி விதைத்தேன். மண்ணுக்குள் போனதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. ஆகவே வாராவாரம் வெறுங்கையோடு மேஜையின் ஓரத்தில் நிற்பேன். "எடுத்துக்கோங்க சார், எடுத்துக்கோங்க" என்பார்கள். மிக நல்ல மனிதர்கள். பிச்சை போடுகிறோம் என்று தெரியாமல் போடுகிறவர்களைவிட நல்லவர்கள் யார்?

முதல் வருஷம் ஒரு விபரீதம் நடந்தது. இரண்டாம் கட்டடத்துத் தையல்காரம்மா அலங்காரத்துக்கென்று வேலியோரம் காட்டுச்சுரை வளர்த்திருந்தாள். அதன் பூவும் நல்ல சுரையின் பூவும் வண்டுகள் புண்ணியத்தில் கலந்துவிட்டன. அந்தக் காயிலிருந்து எடுத்த விதையைப் போட்டபோது, பார்க்க ஒரே மாதிரியான காய்களில் ஒன்றிரண்டு விஷமாகக் கசந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் தோட்டத்துச் சுரைக்காய் கறிக்கு உதவி, தையல்காரம்மா வீட்டையே படுக்க வைத்துவிட்டது. மறுவாரம் மேஜைக்கு முன்னால் ரொட்டிக்காரர் கூட்டம் கூட்டினார்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னா, வேகவச்சு கொஞ்சமா தின்னதால பொழச்சாங்களாம். பச்சையா அரைச்சுக் குடிச்சிருந்தா, அதுவும் சர்க்கரைக்காரங்களா இருந்தா, ஆளே போயிருக்குமாம். அதனால ஒவ்வொரு காயையும் யாராச்சும் ஒரு கீத்து வாயில வச்சுப் பாக்கணும். கசந்தா துப்பிட்டுக் காயைக் கடாசிடணும். யார் பாக்குறீங்க?"

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் தையல்காரம்மா. "வயித்துல இருந்ததெல்லாம் வந்தாச்சு. குடல் ஒண்ணுதான் பாக்கி. அதையாவது நான் வச்சுக்கறேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"நான் பாக்குறேன். வாரியத்துல எங்க குழாய் ஒடஞ்சாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு சொட்டு நாக்குல விட்டா போதும், எந்தத் தெருத் தண்ணின்னு சொல்லிடுவேன்."

"தெரு மட்டுந்தானாண்ணே, கதவு நம்பரும் சொல்வீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த வீட்ல சண்டை இல்லாம இருந்தா சொல்வேன்மா. சண்டை நடந்தா தண்ணி கொஞ்சம் கலங்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாரியத்தில் என் நாக்கை ஒரு தபால்தலை ஒட்டக்கூட யாரும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம். நான் சொன்னதற்கு ஒரு கூட்டம் சேர்ந்து சிரித்தது. அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்து படுத்தபின்னும் காதில் இருந்தது. அன்றிலிருந்து என் பெயர் நாக்கு சார்.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, காம்போரத்தில் ஒரு கீற்று சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடுவேன். தோட்டமே அடங்கிவிடும். தூரத்துச் சாலையில் லாரிகள்கூட ஹாரனை நிறுத்திக்கொண்டதாக எனக்கு ஞாபகம். "இது வெயில் படாத பக்கம் தொங்கின காய், ஆனா நல்ல மனசு" என்பேன். தலையசைப்பேன். கை தட்டாத குறைதான். முதல் கீற்று என் வாயில் விழாமல் ஒரு காயும் அந்த மேஜையை விட்டு நகராது என்றாகிவிட்டது.

கதவு நம்பர் கேட்ட குரல்தான் கண்டக்டரம்மா. நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கட்டடத்திலேயே மேல்தளத்தில் தனியாக இருந்தாள். மகள் ரொம்ப தூரத்தில். அவள் மெதுவாகப் பேசினாலே செடிகள் எல்லாம் "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்ற உத்தரவுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும். அவளுக்குச் சர்க்கரை. காலையில் பாகற்காயையும் சுரைக்காயையும் பச்சையாக அரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிடுவாள். "இது உள்ள போறப்போ என் முகத்தை யாராச்சும் படம் புடிச்சா பேயோட்டறவனுக்கு விக்கலாம்ணே" என்பாள். என்னை அண்ணே என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மேஜை கலைந்தபின் நேராக என் வீட்டுக்கு வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். மதியம் வரை பேசுவாள், பேசவைப்பாள். மீட்டரைத் தாண்டி உள்ளே வந்த ஒரே ஆள்.

அப்புறம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் சுண்ணாம்புத் தண்ணீராக இருந்தது, ரொட்டி அட்டையாக இருந்தது. ஒரு பச்சை மிளகாயை முழுசாகக் கடித்து மென்றேன். கண்ணுக்குத் தெரிந்தது, தண்ணீர் கொட்டியது. நாக்குக்குத் தெரியவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் நியாயமாக யோசித்துப் பாருங்கள். தையல்காரம்மாவுக்குக் கண் மங்கினால் அவள் தக்காளி இருக்கிறது. ரொட்டிக்காரருக்கு இடுப்பு போனால் அவர் கீரை இருக்கிறது. எனக்கு நாக்கு போனால் மிச்சம் இருப்பது மேஜை ஓரமும் "எடுத்துக்கோங்க சார்" என்பதும்தான். மேலும் எல்லாக் காயும் கசப்பதில்லையே. எப்போதோ ஒன்று கசக்கும். நான் தலையசைத்தது நல்லெண்ணத்தின் பேரில். சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே ஒரு காயைத் துப்பிவிட்டுத் தூக்கி எறிவேன். ஒன்றுமறியாத காய்கள் சில அநியாயமாகத் தண்டிக்கப்பட்டன. அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஒருநாள் கண்டக்டரம்மா எலுமிச்சை ஜூஸ் கலந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் பாதி டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அமிர்தம்தான்மா. தேவலோகத்துல இதுக்காகத்தான் சண்டை போட்டிருப்பாங்க" என்றேன். அவள் தன் டம்ளரை ஒரு வாய் குடித்தாள். ஜன்னல் வழியாக வெளியே துப்பினாள். வீட்டில் சர்க்கரையே புழங்காதவள், எனக்காகச் சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். சோதனை ஒன்றுமில்லை, வெறும் கைத்தவறுதான். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாண்ணே?"

"எதும்மா?"

"டிக்கெட் எடுக்காத ஆளை நான் முகத்தைப் பாத்தே கண்டுபுடிப்பேன். நாக்கு போய் எத்தனை நாளாச்சு?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள். "பயப்படாதீங்க, வண்டியை நிறுத்தி இறக்கிவிட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா சின்னப் புள்ளைங்க சாப்பிடற சாப்பாடுண்ணே அது. யாருக்காவது ஏதாச்சும் ஆயிட்டா, அதுக்கப்புறம் நீங்க தூங்குவீங்களா?"

தூங்குவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படிச் சொல்வது நாகரிகமில்லை என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு முன்னால் அவள் எழுந்து நின்றாள். வரும் பருவத்துக்குத் தோட்டத்து விதை வேண்டாம், கடையில் மூடி முத்திரையிட்ட விதை வாங்கிவிடலாம் என்றாள். "கசப்புத் தொல்லையே இருக்காது. அண்ணனும் பாவம், எத்தனை நாளைக்குப் பச்சைக் காயை மென்னுக்கிட்டே இருப்பாரு? சும்மா உக்காந்து சாப்பிடட்டுமே."

"அப்போ நாக்கு சாரோட நாக்குக்கும் ரிட்டயர்மென்டா?" என்றாள் தையல்காரம்மா. "சும்மா விடுவாரா, ரெண்டாவது பென்ஷன் கேப்பாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு முடிவு செய்யலாம் என்றார் ரொட்டிக்காரர். கூட்டம் கலைந்தது. அன்று கண்டக்டரம்மா வழக்கம்போல இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மகள் கதையெல்லாம் சொன்னாள். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து கோபம் என்ற வார்த்தையைப் போட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தின் பின்பக்கம் குப்பை மக்கும் மேடு ஒன்று இருக்கிறது. அதன் மேல் யாரும் நடாமல் ஒரு சுரைக்கொடி முளைத்துக் கிடந்தது. நான் துப்பி எறிந்தவற்றில் ஏதோ ஒன்றின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பாத்தியும் இல்லாததால் அதன் காய்கள் மேஜைக்கு வருவதில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. நான் கவனித்தேன். வேலை இல்லாதவன் கண்ணுக்கு எல்லாம் படும். எங்கள் தோட்டத்து எலிகள் ஒவ்வொன்றும் பூனை சைஸ். ஒரு சுரைக்காயையும் ஓரம் கடிக்காமல் விடாது. அந்தக் கொடியின் காய்களை மட்டும் அவை பல்லால் ஒருமுறை தொட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தன. தொட்ட இடத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். எனக்கு இல்லாத நாக்கு எலிகளுக்கு இருந்தது. அவை சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். ஒருவருக்கு லேசாக வயிற்றைப் புரட்டினால் போதும், முதல் கீற்றின் அருமை எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் யோசனை ஆரம்பித்தது. அதை ஒரு பாடம் என்று எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு என்று யோசித்தபோது தையல்காரம்மாவுக்கு வேண்டாம் என்று பட்டது. பாவம், அவள் ஏற்கனவே ஒருமுறை பட்டவள். ரொட்டிக்காரர் இல்லாவிட்டால் தோட்டமே இல்லை. குழந்தைகள் இருக்கிற வீடுகள் கூடவே கூடாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்கிறவள் யார் என்பது என் கையில் இல்லை.

சனிக்கிழமை காலையில் அந்த மேட்டில் ஏறி, எலிக் கீறல் படாத ஒரு காயைப் பறித்தேன். நல்ல இளசு. காம்போரத்தில் ஒரு கீற்றும் சீவிவிட்டேன், ருசி பார்த்த அடையாளம் இருக்கவேண்டுமே. கொடியில் இரண்டு காயை அப்படியே விட்டுவைத்தேன். பின்னால் யாராவது தேடினால் கிடைக்கவேண்டும்.

கண்டக்டரம்மா தன் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒரு நல்ல சேதி. நாக்கு திரும்பி வந்துடுச்சு" என்றேன்.

வாளி அவள் கையிலிருந்து நழுவியது. "நெஜமாவாண்ணே? கண்ணை மூடுங்க, வாயைத் தொறங்க."

மூடினேன். அவள் காலடி எந்தத் தொட்டிப் பக்கம் போனது என்று காது சொன்னது. திரும்பி வந்து நாக்கில் ஒரு இலையை வைத்தாள். சொரசொரவென்று இருந்தது.

"புதினா" என்றேன். கொஞ்சம் நிறுத்தி, "மத்தியானத்துக்குள்ள பறிச்சிடும்மா, முத்தப் போகுது" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வயசான ஒரு பேருந்து கண்டக்டர் ஈரக் கையோடு தோட்டத்தின் நடுவில் நின்று அழுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"அப்பாடா, நான் பொழச்சேன்" என்றாள். "இத்தனை வாரமா ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாருக்கும் முன்னாடி எழுந்து வந்து, ஒவ்வொரு காயா நான் நகத்தால கீறி வாயில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. கசக்கறதைத் தூக்கிக் குப்பை மேட்டுல போட்டுட்டு, நல்லதை மட்டும் உங்க முன்னாடி வைக்க விட்டேன். நீங்க தலையாட்டுனது ஒண்ணுகூடத் தப்பாயிடக் கூடாதுல்ல? என் வாயே சுரைப்பந்தல் ஆயிடுச்சு. அந்தக் கடை விதைப் பேச்சைக்கூட அதுக்காகத்தான் எடுத்தேன், என்னால முடியலண்ணே. இனிமே அது எதுக்கு? நாளைக்கு நானே வேணாம்னு சொல்லிடறேன்."

இதெல்லாம் அவள் சொல்லி முடிக்கும் வரை காய் என் இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அப்போது நிறுத்தியிருக்கலாம். கடை விதை வரப்போவதில்லை, என் ஸ்டூல் எங்கேயும் போகப்போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக் காலையில் அவள் வந்து முன்கூட்டியே கடித்துப் பார்க்க மாட்டாள். ஏதாவது ஒரு காய் கசக்கும். அவள் திரும்ப என் முகத்தைப் பார்ப்பாள். ஒருமுறை தெரிந்துகொண்டவளுக்கு மறுபடி தெரியாமலிருக்காது. அதோடு, கொடுப்பதற்கென்று கொண்டுவந்ததைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துப் போவது எனக்குப் பழக்கமில்லை.

"இந்தாம்மா, இன்னைக்கு ஜூஸுக்கு வச்சுக்க. நாக்கு வந்ததும் மொதல்ல ருசி பாத்தது இதைத்தான். லேசாக் கசக்கற மாதிரி இருந்தா அது பாகற்காயோட சகவாசம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் தையல்காரம்மாதான் அவளைக் குளியலறை வாசலில் கண்டெடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அந்த வராந்தா பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ரொட்டிக்காரர், அந்தப் பக்கம் தையல்காரம்மா, எதிரில் மூன்று கட்டடத்து ஜனம். யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ என் தோளில் கை வைத்து, "உங்ககிட்டதானே சார் பாசமா இருப்பாங்க" என்றார்கள். என் ஆயுளில் என்னைச் சுற்றி அத்தனை பேர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில்லை. மனைவி போனபோதுகூட இவ்வளவு கூட்டமில்லை. மறுநாள் விடிந்ததும் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். அவர் தலையசைத்த விதத்தில் எனக்குத் திருப்தியில்லை. ஒரு நிதானம் வேண்டாமா.

குப்பை மேட்டுக் கொடியை ரொட்டிக்காரர்தான் கண்டுபிடித்தார். மிச்சமிருந்த ஒரு காயை நாக்கு நுனியில் தொட்டவர் அன்று முழுக்க வாய் கொப்பளித்தார். நாக்கு சாரிடம் காட்டாமல் அவசரப்பட்டுப் பறித்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். கடை விதைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. ருசி பார்க்க ஆள் இல்லாமல் தோட்டமா என்றார்கள். இப்போது ஞாயிறு மட்டுமில்லை, எந்த நாளும் என் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் ஒரு காயை நீட்டுவார்கள். நான் கீற்று சீவுவேன், கண்ணை மூடுவேன், தலையசைப்பேன். "தேங்க்ஸ் சார்" என்று வாசலோடு போய்விடுவார்கள். ஒருவரும் உள்ளே வருவதில்லை. எல்லோருக்கும் ஆயிரம் வேலை. அந்த நாற்காலியைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

ரொட்டிக்காரர் போன வாரம் ஒரு விஷயம் சொன்னார். கண்டக்டரம்மா சாவதற்கு முன்னால் வீடு வீடாகப் போயிருக்கிறாள். பருவம் முடிந்ததும் மாதம் ஒருமுறை அந்த நீள மேஜையிலேயே எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டும், தலைப்பக்கத்து நாற்காலி எப்போதும் அண்ணனுக்குத்தான், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்குத்தான் என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறாள். எனக்கு அதில் பெரிதாக ஆச்சரியமில்லை. பதவியைப் பிடுங்குகிறவர்கள் கையோடு ஒரு நாற்காலியைக் கொடுப்பது உலக வழக்கம்தானே. கெட்டிக்காரி.

நீங்கள் நேரத்தைப் பார்க்கிறீர்கள். சரி, முடித்துவிடுகிறேன். நான் வெறுமனே கையெழுத்துப் போட்டு உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவசரக்காரி, காட்டாமல் பறித்துவிட்டாள் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவள் ஒழுங்கு தவறினவள் இல்லை. ஒரு நாளும் என்னிடம் காட்டாமல் ஒரு காயை எடுத்தவள் இல்லை. அந்தக் காயை நான்தான் பறித்தேன், நான்தான் கொடுத்தேன். அது கசக்கும் காய் என்று தெரியும், அதை அவள் பச்சையாக அரைப்பாள் என்று தெரியும், சர்க்கரைக்காரி தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வயிற்றைப் புரட்டும் என்று நினைத்ததெல்லாம் முதல் இரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் சாவாள் என்று தெரிந்துதான் யோசித்தேன். இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தை குறைக்கவேண்டாம்.

அந்த நாக்கு விஷயம் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மேஜையில் காய் குவிந்திருக்கும், நான் வரும் வரை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.